ஆள் பிரிக்கும்போதே தொடங்கிவிடுகிறது

"விட்டுக்கொடுத்து விளையாடுங்க" என்பது பெரியவர்கள் சொல்வதிலேயே வீணான அறிவுரை. எதை விட்டுக்கொடுப்பது, யாருக்கு, எத்தனை முறை என்று அதில் ஒன்றும் இல்லை. நடைமுறையில் அது மூத்த பிள்ளையிடமோ பெண் பிள்ளையிடமோதான் சொல்லப்படுகிறது. பொம்மை அழுகிற குழந்தையிடம் போய்ச் சேர்கிறது. இரண்டு பேரும் கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: சத்தம் போட்டால் கிடைக்கும்.

விளையாடவிட்டால் போதும், பிள்ளைகளிடம் ஒருவரையொருவர் மதிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கையும் அரைகுறைதான். அதே தெரு கிரிக்கெட்டில் ஒரு பையன் தன் முறைக்குக் காத்திருக்கப் பழகுகிறான். இன்னொருவன் மிரட்டி இரண்டு தடவை பேட் பிடிக்கப் பழகுகிறான். ஆட்டம் ஒன்றுதான். வித்தியாசம் ஆட்டத்தைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளில் இருக்கிறது. அணி எப்படிப் பிரிகிறது, அவுட்டானவர் எங்கே போகிறார், சின்னப் பிள்ளைக்கு என்ன வேலை, தகராறு வந்தால் எப்படித் தீர்கிறது: பெரியவர் கைவைக்க வேண்டிய இடம் இதுதான். கீழே சொல்வது பெரும்பாலும் 5 முதல் 12 வயது வரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கலந்து ஆடும் தெருவையோ அடுக்ககத்து வாசலையோ மனதில் வைத்தது.

முதலில் ஆள் பிரிப்பது. இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று மாறி மாறி ஆள் எடுக்கும் முறைதான் இன்று எங்கும் இருக்கிறது. நன்றாக ஆடுபவர் முதலில், அடுத்தவர் இரண்டாவது என்று போய்க் கடைசியில் ஒரு பிள்ளை தனியாக நிற்கும். "சரி, நீ வா" என்று அலுப்போடு ஒரு குரல். தினமும் அதே பிள்ளைதான். பத்து பேர் முன்னால், தினசரி, தரவரிசை போட்டு அறிவிப்பதைவிடக் கொடுமையான ஏற்பாடு வேறு இல்லை. அதைச் செய்கிறோம் என்பதே யாருக்கும் தெரிவதில்லை.

இதற்கு நம்மிடம் பழைய தீர்வு ஒன்று இருக்கிறது: உத்தி பிரிப்பது. கேப்டன்கள் இரண்டு பேரும் ஓரமாக உட்கார்ந்துகொள்வார்கள். மற்றவர்கள் தங்களுக்குச் சமமாக ஆடுபவரோடு ஜோடி சேர்ந்து கொஞ்சம் தள்ளிப்போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கைபோட்டபடி திரும்பி வருவார்கள். "மல்லி வேணுமா, முல்லை வேணுமா?" ஒரு கேப்டன் "முல்லை" என்றால் அந்தப் பெயர்க்காரர் அவர் பக்கம், மல்லி எதிர்ப்பக்கம். அடுத்த ஜோடி இன்னொரு கேப்டனிடம் கேட்கும். யாரை எடுக்கிறோம் என்று கேப்டனுக்கே தெரியாது. எனவே கடைசியாக மிஞ்சுபவர் என்று ஒருவர் கிடையாது. ஜோடி இரண்டாகப் பிரிவதால் அணிகளும் ஏறக்குறையச் சமமாக அமைந்துவிடும்.

இது கெட்டுப்போகும் விதங்களும் தெரிந்தவைதான். சமமானவரை விட்டுவிட்டு நெருங்கிய நண்பரோடு ஜோடி சேர்ந்தால் வேகமாக ஓடுபவர்கள் எல்லாம் ஒரே பக்கம் போய்விடலாம். கேப்டனும் அவன் கூட்டாளியும் "நான் எப்பவும் சிங்கம்" என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வார்கள்; அதைத் தடுக்க, இன்று பழம், நாளை ஆறு, நாளை மறுநாள் ஊர் என்று பெயரின் வகையை அந்த நேரத்தில்தான் சொல்ல வேண்டும். இவற்றைவிடப் பெரிய சிக்கல், யாரும் ஜோடி சேராமல் ஒரு பிள்ளை நிற்பது. அப்படி ஆகும் கூட்டம் என்றால் ஜோடியை அவர்கள் விருப்பத்துக்கு விடக் கூடாது. எல்லோரையும் உயர வரிசையில் நிற்கவைத்து ஒன்றும் இரண்டும் ஒரு ஜோடி, மூன்றும் நான்கும் ஒரு ஜோடி என்று பிரித்துவிடலாம். ஒற்றைப்படையாக ஒருவர் மிஞ்சினால் அவர் 'காமன்': எந்த அணி பேட் பிடிக்கிறதோ அந்த அணியில் அவரும் பேட் பிடிப்பார். காமன் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி ஒரே பிள்ளையின் தலையில் விழும்.

பிடிக்கும் ஆளைத் தேர்ந்தெடுக்க சாட் பூட் த்ரீயே போதும். கையை நீட்டியபின் மற்றவர்களைப் பார்த்துத் திருப்பிக்கொள்வதுதான் அதில் நடக்கும் ஒரே திருட்டு. 'த்ரீ' சொல்லும்வரை கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அடுத்து, அவுட்டானவர்கள். பிறந்தநாள் விழாவிலும் பள்ளி ஆண்டு விழாவிலும் தவறாமல் நடக்கும் மியூசிகல் சேரை எடுத்துக்கொள்வோம். முதலில் வெளியேறுவது நிதானமான பிள்ளை, அல்லது தள்ளக் கூச்சப்படும் பிள்ளை. அதிக நேரம் சும்மா உட்கார்ந்திருப்பதும் அதே பிள்ளைதான். நன்றாகத் தள்ளத் தெரிந்தவருக்கு டிபன் பாக்ஸ் பரிசு. மறுநாள் வகுப்பில் "தள்ளாதே" என்கிறோம்.

இதையே மாற்றி ஆடலாம். எட்டுப் பிள்ளைகளுக்குத் தரையில் சாக்பீஸால் எட்டு வட்டம், ஒவ்வொன்றும் இரண்டு அடி அகலம். பாட்டு நின்றதும் எல்லோரும் ஏதாவது ஒரு வட்டத்தில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வட்டம் அழியும். ஆள் யாரும் வெளியேறுவதில்லை. மூன்று வட்டத்தில் எட்டுப் பேரும் நின்றால் ஆட்டம் வெற்றி. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நாற்காலியில் இதைச் செய்யக் கூடாது. இரண்டு மூன்று பேர் ஒன்றாக ஏறினால் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரியும். செய்தித்தாளும் வேண்டாம், டைல்ஸ் தரையில் வழுக்கும். ஒரு கால் உள்ளே இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் நெருக்கியடிப்பது குறையும். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொள்வதானால் கேட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். "பிடிச்சுக்கட்டுமா?" என்று கேட்கிற ஒரு நொடியும், "வேணாம்" என்றால் கையை எடுத்துக்கொள்வதும், வேறு எந்தப் பாடத்திலும் இவ்வளவு எளிதாகப் பழகாது.

"யாருமே ஜெயிக்கலைன்னா இது என்ன விளையாட்டு?" என்று பத்து வயதுக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்கு இலக்கு வேண்டும்: போன தடவை மூன்று வட்டம், இந்தத் தடவை இரண்டில் முடியுமா? எல்லா ஆட்டத்தையும் இப்படி மாற்றிவிடுவதும் சரியில்லை. போட்டியே இல்லாத இடத்தில் எதிராளி என்று ஒருவர் இருக்க மாட்டார். எதிராளியை மதிக்கப் பழகவும் வழி இருக்காது.

போட்டியும் உதவியும் ஒன்றாகக் கலந்திருப்பது லாக் அண்ட் கீயில். பிடிப்பவர் தொட்டு "லாக்" என்றால் அசையாமல் நிற்க வேண்டும். தன் கூட்டத்து ஆள் வந்து தொட்டு "கீ" கொடுத்தால் மறுபடி ஓடலாம். ஐந்து பேருக்கு ஒரு பிடிப்பவர் என்பது சரியான கணக்கு. பத்துப் பேருக்கு ஒருவரே பிடித்தால் ஆட்டம் முடியவே முடியாது, பிடிக்கும் பிள்ளை அழுதுவிடும். மூன்று நான்கு நிமிடத்தில் ஆளை மாற்றிவிடுங்கள். கவனிக்க வேண்டிய இடம் வேறு: யாருக்கு முதலில் சாவி கிடைக்கிறது? நண்பருக்கு உடனே கிடைக்கும். புதிதாகக் குடிவந்த பிள்ளை மரம்போல நின்றுகொண்டே இருக்கும். யார் முதலில் லாக் ஆனாரோ அவருக்குத்தான் முதலில் சாவி என்று ஒரு வரி சேர்த்தால், ஓடும்போதும் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியிருக்கும். அந்தப் பழக்கத்துக்காகவே இந்த ஆட்டத்தைச் சிபாரிசு செய்வேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு வருவோம். அண்ணன் பின்னாலேயே ஓடிவரும் நான்கு வயதுத் தம்பியை விரட்டாமல் சேர்த்துக்கொள்ள நம் தெருக்கள் கண்டுபிடித்த வழி, ஒப்புக்குச் சப்பாணி. அந்தக் குழந்தை ஓடும், தொடும், கத்தும். ஆனால் அவுட் கிடையாது, கணக்கிலும் இல்லை. அருமையான ஏற்பாடு. பெயர்தான் உறுத்தல், கால் சரியில்லாத பிள்ளை ஒன்று கூட்டத்தில் இருந்தால் இந்தச் சொல்லை வாயிலெடுக்காமல் வேறு பெயர் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஏற்பாடு வேலை செய்வது ஐந்து வயது வரை மட்டும். ஆறு வயதில் பிள்ளைக்குப் புரிந்துவிடும், தன்னை யாரும் எண்ணவில்லை என்று. ஆட்டம் சரியாக வராத ஒன்பது வயதுப் பிள்ளையை ஒப்புக்கு வைப்பது சேர்த்துக்கொள்வது ஆகாது, அது ஒதுக்குவதுதான்.

ஆறு வயதிலிருந்து பிள்ளைக்கு நிஜமான இடம் வேண்டும், சட்டம் மட்டும் கொஞ்சம் தளர வேண்டும். ஓடிப் பிடிப்பதில் அவளுக்கு ரெண்டு உயிர். கோலியில் கோடு ஒரு முழம் முன்னால். கிரிக்கெட்டில் அவளுக்குக் கை சுற்றாமல் உருட்டிப் போடும் பந்து, போல்டு மட்டும்தான் அவுட். வேலையை எளிதாக்கலாம், மதிப்பெண்ணை மட்டும் தானம் செய்யக் கூடாது. அடிக்காத ரன்னைச் சேர்த்துக் கொடுத்தால் வாங்குகிற பிள்ளைக்கே கூச்சமாக இருக்கும், கொடுக்கிற பிள்ளைகள் முனகுவார்கள். சலுகை எதுவானாலும் ஆட்டம் தொடங்குமுன் எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட வேண்டும். அவள் அவுட்டான பிறகு "பாவம், விடுங்கடா" என்று பெரியவர் குரல் கொடுத்தால் அது இரக்கமாகிவிடும். மறுநாள் அவளை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

இனி தகராறு. 'அவுட்டா, இல்லையா' சண்டைக்குள் நுழைவதற்கு முன் வயதைப் பாருங்கள். குழந்தைகளின் அறவுணர்வை ஆராய்ந்த ழான் பியாஜே, கோலி விளையாடும் சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளிடம்தான் விதிகளைப் பற்றிக் கேட்டார். 1932இல் வெளிவந்த அந்த ஆய்வில் அவர் கண்டது: சிறிய பிள்ளைகள் விதி பெரியவர்களிடமிருந்து வந்தது, மாற்றவே கூடாது என்பார்கள்; ஆனால் ஆடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடுவார்கள். பத்துப் பதினொரு வயதில்தான், விதி என்பது எல்லோரும் ஒப்புக்கொண்டது, எல்லோரும் சம்மதித்தால் மாற்றலாம் என்ற தெளிவு வருகிறது. ஆறு வயதுக்காரன் விதியை மீறியதும் "பொய் சொல்றான், திருட்டு ஆட்டம்" என்று பட்டம் கட்டுவது அதனால்தான் தப்பு. அவன் ஏமாற்றவே இல்லாமல் இருக்கலாம். அந்த வயதுக்கு மூன்றே விதி போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அவனையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் நடுவர் வேண்டாம் என்பது என் கட்சி. பெரியவர் தீர்ப்பு சொல்லத் தொடங்கியதும் பிள்ளைகள் எதிராளியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பெரியவர் முகத்தைப் பார்க்கத் தொடங்குவார்கள். நடுவரே இல்லாமல் உலக அளவில் போட்டி நடத்தும் விளையாட்டு ஒன்று இருக்கிறது: இரண்டு அணிகள் பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ. 1968இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கியது. சென்னைக் கடற்கரையிலும் ஆணும் பெண்ணும் கலந்த அணிகள் ஆடுகின்றன. ஃபவுல் என்று நினைப்பவர் தானே சொல்ல வேண்டும். எதிராளி ஒப்புக்கொண்டால் சரி. ஒப்புக்கொள்ளாவிட்டால் பெரும்பாலும் தட்டு எறிந்தவர் கைக்கே திரும்பிப் போகும். அந்த எறிதலை மறுபடி எறிய வேண்டும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணிக்கு மதிப்பெண் போடும். விதி தெரிந்து ஆடினார்களா, உடம்பில் மோதாமல் ஆடினார்களா, நியாயமாக நடந்தார்களா, கோபத்தை அடக்கினார்களா, ஒழுங்காகப் பேசினார்களா என்று ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. வழக்கமான நல்ல ஆட்டத்துக்கு 2.

இதன் சாரம் நம் தெரு கிரிக்கெட்டுக்குப் புதிதல்ல, 'ரீ-பால்' என்பதும் அதுதான். விதியாக்கிவிடுங்கள்: இருபது எண்ணுவதற்குள் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் ரீ-பால், பேச்சு முடிந்தது. பேசுவதும் சம்பந்தப்பட்ட இரண்டு பேர் மட்டும். வேலியில் உட்கார்ந்திருப்பவர்கள் கூச்சலிட்டால் அந்தப் பக்கத்துக்கு எதிராகத் தீரும். பட்டதா இல்லையா என்பதைப் பட்டவர்தான் சொல்ல வேண்டும். சடுகுடுவில் விரல் நுனி உரசியது தொட்டவருக்கும் தொடப்பட்டவருக்கும்தான் தெரியும். "ஆமா, பட்டுச்சு" என்று தானாக வெளியேறும் பிள்ளைக்கு எதிரணி கைதட்ட வேண்டும் என்று மட்டும் வழக்கப்படுத்தினால் நாலைந்து வாரத்தில் பலன் தெரியும். ஒருவன் எல்லாப் பந்துக்கும் ரீ-பால் கேட்பான். நிச்சயம் கேட்பான். ஒரு இன்னிங்ஸுக்கு அணிக்கு இரண்டுதான் என்று அளவு வைத்தால் அடங்கிவிடும்.

தோற்பதைப் பழக்க வெளி ஆட்டத்தைவிட வீட்டுக்குள் ஆடும் ஆட்டம் நல்லது, பார்வையாளர் குறைவு. ஆனால் தாயத்தில் தொடங்காதீர்கள். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். ஒரு மணி நேரம் காத்து, பழமாகப் போகிற காய் கடைசிக் கட்டத்தில் வெட்டுப்படும்போது ஏழு வயதுப் பிள்ளை தாங்காது. ஐந்து நிமிடத்தில் முடியும் ஆட்டமாகப் பாருங்கள். ஒரு மாலையில் ஆறு முறை தோற்று நான்கு முறை ஜெயித்தால் தோல்வி மலிந்துவிடும். எப்போதும் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்கும் தாத்தா பாட்டிமார், பாவம், பிள்ளைக்கு எந்த உதவியும் செய்வதில்லை. அந்தப் பிள்ளை தெருவுக்கு வரும் முதல் நாளே அழுதுகொண்டு திரும்பும்.

கொஞ்சம் வளர்ந்ததும் பல்லாங்குழி. ஆளுக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, ஆக 70. தோற்றவரின் கை கிட்டத்தட்டக் காலியானால் குழிக்கு ஒரு கொட்டையாக வைத்துத் தொடரும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. கஞ்சி காய்ச்சுவது என்பார்கள். அப்படிக் கஞ்சி காய்ச்சியவர் அடுத்த சில சுற்றில் மீண்டு வருவதும் நடக்கும். ஜெயிப்பவர் தோற்பவரை முற்றாக ஒழித்துவிட்டால் ஆட ஆள் இல்லை என்பதைப் பலகையே சொல்லிக்கொடுக்கிறது. கோபத்தில் பலகையைக் கவிழ்த்துவிட்டால் பிரசங்கம் வேண்டாம். ஆட்டம் அன்றைக்கு முடிந்தது. கவிழ்த்தவர் 70 கொட்டையையும் பொறுக்கி எண்ணி டப்பாவில் போட வேண்டும்; கட்டிலுக்கு அடியில் போனதையும் சேர்த்து. எண்ணி முடிப்பதற்குள் கோபம் தணிந்திருக்கும். மறுநாள் வழக்கம்போலக் கூப்பிட வேண்டும், முந்தைய நாளை நினைவூட்டாமல்.

அடுத்தவர் கட்டியதை இடிக்கும் பழக்கம் தனி. பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் என்றே ஒன்று இருக்கிறது. சிறுமிகள் கட்டிய மணல் வீட்டைச் சிறுவன் காலால் கலைக்க வருவான், அவர்கள் கலைக்காதே என்று கெஞ்சுவார்கள். கவிதையில் அது கொஞ்சல். விளையாட்டு மூலையில் மூன்று வயதுப் பையன் பிளாக் கோபுரத்தைத் தட்டிவிட்டுச் சிரிக்கும்போதும் வீட்டார் அதே கொஞ்சலோடு பார்ப்பதுதான் தொல்லை. "ஆம்பளப் பிள்ளை அப்படித்தான்" என்று ஒரு வார்த்தை வேறு. விதி ஒரே வரி: கட்டினவர்தான் இடிக்கலாம். இடிக்கும் ஆசை அந்த வயதில் இயல்பு என்பதால், இடிப்பதற்கென்றே ஒரு கோபுரத்தை அவனோடு சேர்ந்து கட்டி, பத்து எண்ணி, அவனையே தட்டிவிடச் சொல்லலாம். அடுத்தவருடையதைத் தட்ட வேண்டுமானால் கேட்க வேண்டும். சில சமயம் "சரி, இடிச்சுக்கோ" என்றும் பதில் வரும். அனுமதி கேட்டால் கிடைக்கவும் கூடும் என்று அவனுக்குத் தெரிவது நல்லதுதான்.

கடை விளையாட்டு, டாக்டர் விளையாட்டு, அப்பா அம்மா விளையாட்டு ஆகியவற்றில் கற்றுக்கொடுப்பதைவிடக் காதுகொடுத்துக் கேட்பதுதான் பெரிய வேலை. "ஏய், சீக்கிரம் குடு" என்று காய்கறிக்காரரை அதட்டும், "எத்தன தடவ சொல்றது, இந்த மூலையப் பெருக்கலையா" என்று வீட்டுவேலைக்கு வருபவரை ஏசும் அந்தக் குரல் யாருடையது என்று வீட்டிலுள்ளவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அந்த இடத்தில் பிள்ளையைத் திருத்துவது வீண். பெரியவர் வாடிக்கையாளராக உள்ளே நுழைந்து, "அண்ணா, தக்காளி என்ன விலைங்க? அரைக் கிலோ போடுங்க" என்று பேசிக் காட்டலாம். பிறகு இடம் மாறுவது: அதட்டியவர் இப்போது கடைக்காரர், வெயிலில் வண்டி தள்ளி வந்தவர், மீதிச் சில்லறை இல்லாதவர். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இடம் மாறுவது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, வழியில் பரப்பிய பத்துச் செருப்புகளை மிதிக்காமல், துணைவர் சொல்லும் திசையில் நடக்கும் ஆட்டத்துக்கும் இது பொருந்தும். அடுத்து தன் கண்ணைத்தான் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்த பிள்ளை, "இன்னும் ஒரு எட்டு, நில்லு, இப்ப வலது பக்கம்" என்று நிதானமாகச் சொல்லும். தெரியாத பிள்ளை சுவரில் கொண்டுபோய் முட்டவைத்துச் சிரிக்கும்.

கடைசியாக, பேட் யாருடையது என்ற பிரச்சினை. பேட் வைத்திருப்பவன் முதலில் ஆடுவான், அவுட்டானால் பேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவான். வீட்டுக்கு வீடு கொஞ்சம் போட்டு ஒரு பேட், மூன்று டென்னிஸ் பந்து, ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கி வாட்ச்மேன் அண்ணாவின் அறையில் அவரைக் கேட்டு வைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். அது முடியாத இடத்தில் பேட்டுக்காரருக்கு ஒரே ஒரு உரிமை: எத்தனை மணிக்கு பேட் வீட்டுக்குப் போகும் என்று சொல்வது. அதையும் ஆட்டம் தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். ஆறரைக்குப் போகும் என்றால் ஆறேகாலுக்குக் கடைசி ஓவர். அவர் அப்போது பேட் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, ஃபீல்டிங்கில் நின்றாலும் சரி.